தூரத்தில் விழும் என்றார்

பிரசங்கம் செய்யும்போது அப்பப்பாவின் கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியே இருக்கும். மற்றப் போதகர்கள் கையை வீசி, குரலை ஏற்றி இறக்கிப் பேசுவார்கள். அவரோ அணிவகுப்பில் நிற்பவரைப் போல நிமிர்ந்து நின்று, கட்டளை வாசிப்பதுபோல வேதத்தை வாசிப்பார். மருதனார்மடத்துக்கு அருகே தகரக் கூரை போட்ட எங்கள் பப்ரிஸ்ற் சபையில் முப்பது பேர்தான் இருப்போம்.

இளமையில் அவர் இராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். தெற்கில் ஒரு முகாமில், கூட இருந்த சிங்களத் தோழன் ஒருவன்தான் அவரை முதலில் ஆராதனைக்குக் கூட்டிப்போனானாம். தமிழருக்குக் காலம் கெட்டபோது, "இனி இங்கே நிற்காதே, ஊருக்குப் போ" என்று சொன்னவனும் அவனே. அப்பப்பா இணுவிலுக்குத் திரும்பி, தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார். கோயிலே கதியென்றிருந்த அவருடைய தமையன் அன்றோடு பேச்சை விட்டுவிட்டார். அதற்காக அப்பப்பா வருந்தியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆறு நாள் வெங்காயத் தோட்டம், ஏழாம் நாள் பிரசங்கம். இப்படியே போனது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு காலை, அப்பாவுக்கும் அப்பப்பாவுக்கும் தேத்தண்ணி கொண்டு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அப்பா வாய்க்காலை வெட்டி, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வடக்கே ஷெல் அடிக்கத் தொடங்கியது. அயலில் எல்லோரும் பங்கர்க் குழிகளுக்கு ஓடினார்கள். அப்பாவும் மண்வெட்டியைப் போட்டார். அப்பப்பா மட்டும் தலையைச் சரித்து, கொஞ்ச நேரம் கேட்டார்.

"உது இஞ்சை வராது. தூரத்தில விழும். நீ தண்ணியை மாறு. பிள்ளையை நான் வீட்டில விட்டிட்டு வாறன்."

"ஐயா சொன்னால் சரிதான்" என்று சிரித்தபடி அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

முதல் இரண்டும் தூரத்தில்தான் விழுந்தன. மூன்றாவது விழுந்தபோது நானும் அப்பப்பாவும் வீட்டு வாசல் படலையடியில் நின்றோம். திரும்பிப் பார்த்தேன். தோட்டத்தில் புழுதி மட்டும் தெரிந்தது. தண்ணீர்ப் பம்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

பாதை அடைபட்டிருந்ததால் வேறு போதகர் எவரும் வர முடியவில்லை. மகனின் அடக்க ஆராதனையை அப்பப்பாவே நடத்தினார். குரல் நடுங்கவில்லை. பல வருடம் பேசாத தமையன் மண் போட வந்தார். அவரோடும் அப்பப்பா ஒரு சொல் கதைக்கவில்லை. அடுத்த ஞாயிறு வழமைபோலப் பிரசங்கம் செய்தார். பட்டாளத்து மனம், கல்லு என்றார்கள். நானும் அழவில்லை. தோட்டத்தில் கேட்டதை யாரிடமும் சொல்லவுமில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல, அந்த இடம் இருப்பது தெரிந்தது, வலி தெரியவில்லை.

போன வருடம், தொண்ணூறைத் தாண்டிய அவரை மானிப்பாயில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருப்பேன். ஒரு பின்னேரம் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்குத் தோட்டத்தில நான் கொப்பாவுக்குச் சொன்னது உனக்குக் கேட்டதோ?"

"ஓம் அப்பப்பா. கேட்டது."

"கொம்மாவுக்குச் சொன்னனியோ?"

"இல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமே. ஏன் அப்பிடிச் சொன்னனீ எண்டு ஆராவது வந்து கேப்பினம் எண்டு பாத்துக்கொண்டெல்லே இருந்தனான்."

நான்காம் நாள் போய்விட்டார். அடக்க ஆராதனையில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நல்ல தோட்டக்காரர், நேர்மையான போதகர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பப்பா மீது அம்மாவுக்குக் கோபம் வரும், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் பயத்தில எனக்குச் சொல்லாமல் விட்டிட்டார். நீ ஏன் சொல்லேல்லை?"

அம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அதுவும் எனக்கு வலிக்கவில்லை.