நாயின் கணையமும் ஒரு கொதியும்

எங்கள் நாய் அல்சேஷன். இரண்டு வயது வரை ஒரு குறையும் இல்லாமல்தான் வளர்ந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு மெலியத் தொடங்கினான். பசி குறையவில்லை, கூடியது. வைத்ததைத் தின்றுவிட்டுத் தட்டை நக்குவான், தட்டு இருந்த இடத்துச் சிமெண்டையும் நக்குவான். பிறகு தோட்டத்து மண்ணைத் தின்றான். கொடியிலிருந்து விழுந்த என் காலுறை ஒன்றையும் தின்றான். தின்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே வெளியே வந்தது. மலம் வெளிறிய மஞ்சளில், களி போல, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அளவு தின்றதைவிட ஜாஸ்தி என்று தோன்றும். அள்ளிப் போடுவது என் வேலையாக இருந்ததால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆம்பூரில் நாங்கள் இருந்த தெருவில் பாதி வீடுகளில் உருது பேசுவார்கள். அப்போது ரம்ஜான் மாதம். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னா சார், உங்க நாயும் ரோஜா வச்சினு இருக்குதா?" என்றார். ரோஜா என்றால் உருதுவில் நோன்பு. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் சாப்பாடு போடாமல் நாயைக் காயப்போடுகிறோம் என்று தெருவில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

என் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்தாள். நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கெமிஸ்ட். லேப்பும், தோலைப் போட்டுச் சுற்றும் டிரம்கள் இருக்கும் கூடமும் என் பொறுப்பு. நாயின் எடையை வீட்டில் பார்க்க வழியில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும், ஆராதனை முடிந்ததும், டேனரிக்குக் கூட்டிப்போய்ப் பச்சைத் தோல் எடை போடும் பெரிய தராசில் நிற்க வைப்பேன். ஸ்டோர்க்காரர் குனிந்து முள்ளைப் பார்த்து, "சார், இந்தத் தோல் எந்த கிரேடு? ரிஜெக்ஷன்ல போட்டுடட்டா?" என்பார். முப்பத்திரண்டு கிலோ இருந்தவன் இருபத்தொன்றுக்கு வந்திருந்தான்.

வேலூரில் நாங்கள் பார்த்த கால்நடை மருத்துவர் வயதானவர், நிதானமானவர். இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை போனபோது நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டே என் மனைவியிடம் சொன்னார்.

"புழு இல்லம்மா. கணையம் வேலை செய்யலைன்னு நெனைக்கறேன். சாப்பாட்டக் கரைக்கிற நீர் சுரக்கல. எவ்ளோ போட்டாலும் ஒடம்புல ஒட்டாது."

உறுதி செய்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு என்றார். எக்ஸ்ரே பிலிமின் மேல் இருக்கும் சாம்பல் பூச்சு ஜெலட்டின். ஆரோக்கியமான நாயின் மலத்தில் அதைக் கரைக்கும் நொதி இருக்கும். மலத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு துண்டு பிலிமை வெதுவெதுப்பாக ஊற வைத்தால் பூச்சு போய்க் கண்ணாடி போல் ஆகிவிடும். போகவில்லை என்றால் நொதி இல்லை.

என் மனைவி வார்டில் கேட்டு வீணான பிலிம் ஒன்று வாங்கி வந்தாள். டேனரி லேப்பில் மூன்று டம்ளர் வைத்தேன். ஒன்றில் எங்கள் நாயுடையது. இரண்டாவதில் டேனரி கேட்டில் படுத்திருக்கும் தெருநாயுடையது. மூன்றாவதில் நாங்கள் தோலுக்குப் போடும் பேட் பவுடர். சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோல் விறைப்பாக இருக்கும், அதை மிருதுவாக்கத்தான் பேட். அதுவும் மாட்டின் கணையத்திலிருந்து எடுக்கும் நொதிதான். தெருநாயின் பிலிமும் பேட் போட்ட பிலிமும் கண்ணாடி போல் ஆகிவிட்டன. எங்கள் நாயின் பிலிம் எடுக்கும்போதும் போட்டபோது இருந்த சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

ஸ்டோர்க்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "அந்தக் காலத்துல பேட்டுக்குப் பதிலா நாய்ப் பீதான் போடுவாங்களாம் சார். உங்க நாய நம்பி எவனாவது டேனரி வச்சிருந்தா திவால்தான்."

பேட் பவுடரையே நாய்க்குக் கொடுத்தால் என்ன என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. மூட்டையில் நொதி கம்மி, மற்றபடி அமோனியா உப்பும் மரத்தூளும்தான். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டேன்.

முடிவைச் சொன்னதும் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். மனிதர்களுக்கு வரும் நொதி மாத்திரை மெட்ராஸில் கிடைக்கும், ஆனால் எல்லா மாதமும் கிடைக்காது. "ஆம்பூர்ல இருக்கீங்க, மாட்டுக்குப் பஞ்சமா? கணையத்தக் கேட்டு வாங்குங்க. பச்சையா நறுக்கி, சோத்துல கலந்து குடுங்க."

திரும்பி வரும் வழியில் பள்ளிகொண்டா தாண்டியதும் மனைவி கேட்டாள். "பச்சையாவாங்க குடுக்கறது?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. மாட்டின் உறுப்புகளில் சில சமயம் நீர்க்கட்டி இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மனிதன் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி கட்டும். "தேங்கா சைஸ்ல எடுத்துருக்காங்க, என் கண்ணால பாத்துருக்கேன். ஒரு கொதி விட்டுக் குடுக்கலாம். ஒரே ஒரு கொதி." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் வீட்டில் அதுவரை நாய்க்குப் பச்சைக் கறி போட்டதே இல்லை.

மாட்டுக்கறிக் கடை பாய்க்குக் கணையம் என்றதும் புரியவில்லை. வயிற்றில் எங்கே இருக்கும் என்று கையால் காட்டினேன். "ஓ, லப்லபாவா! அத யாரு சார் கேக்கறாங்க? கொடலோட போய்டும்." ஒரு மாட்டினுடையது எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நாளுக்கு வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் இலையில் கட்டித் தனியாக வைத்துவிடுவார். "ஆற்காட்டு நவாப்புக்குக் கூட இவ்ளோ தனியா எடுத்து வச்சிருக்க மாட்டாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தருவார். எங்கள் வீட்டில் அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் நாங்கள் கறி எடுப்பதில்லை. சபையைச் சேர்ந்த இரண்டு பேர் கறிக்கடை வாசலில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு கொதி விட்டு, ஆற வைத்து, நறுக்கி, குழைய வேகவைத்த சோற்றில் கலந்து கொடுத்தோம். கொழுப்பை நிறுத்தினோம். இரண்டு வேளையை மூன்றாக்கினோம். மனைவி வாரம் ஒருமுறை பி12 ஊசி போட்டாள். நான் ஞாயிறு தோறும் தராசில் நிறுத்தினேன். இருபத்தொன்று இருபதாகி, பிறகு பத்தொன்பதரை ஆனது. ஸ்டோர்க்காரர் கிண்டலை நிறுத்திவிட்டார். அதுவே எனக்குப் போதுமான தகவலாக இருந்தது.

நாய் வாசல் படியை ஒரே தாவலில் தாண்டுகிறவன். இப்போது படியருகே நின்று யோசித்தான். என் மனைவி தனியாக மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். "ஈஸ்டர் முடிஞ்சு திங்கக்கெழமை கூட்டினு வரச் சொல்லியிருக்காரு. பதினெட்டுக்குக் கீழ போய்ட்டா ஊசி போட்டு முடிச்சுடலாம்னாரு. நானும் சரின்னுட்டேன். பட்டினியில சாவறத வார்டுல பாத்துருக்கேங்க. இவனுக்கு அது வேணாம்." ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த வாரம் டேனரியில் ஒரு டிரம் சரியாக வரவில்லை. பேட் போட்டு உரிய நேரம் சுற்றிய பிறகு தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். நான் அழுத்தினேன். தோல் ரப்பர் போல் எழும்பிக்கொண்டது. டிரம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"பேட் போட்டீங்களா இல்லியா?"

"போட்டேன் சார். மூட்டையப் பாருங்க. தோ, காலி."

"தண்ணி சூடு?"

"டிரம் தண்ணி கரெக்டா இருக்குது, தர்மாமீட்டர் வச்சுப் பாருங்க." பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"பவுடர எதுல கரைச்சீங்க?"

மேஸ்திரி பாய்லர் பக்கம் திரும்பிப் பார்த்தார். "கட்டி கட்டியா நின்னுச்சு சார். சுடுதண்ணியில கரைச்சா சீக்கிரம் கரையும்னு, பாய்லர்லேந்து ஒரு பக்கெட் புடிச்சு..."

"கொதிக்கிற தண்ணியிலயா? பேட்டுக்குக் கொதி ஆவாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? ஒரு கொதி பட்டா போதும், செத்துப் போய்டும். அப்புறம் ரெண்டு நாள் சுத்துனாலும் டிரம்முல ஒண்ணும்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை.

"இன்னா சார்? பேஜார் ஜாஸ்தியா?" என்றார் மேஸ்திரி. அவர் தோலைப் பற்றிக் கேட்டார். வேறு பேட் எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் போடச் சொன்னேன். டிரம்மைக் காப்பாற்ற முடிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மனைவிக்கு அன்று விடுமுறை. அவளிடம் டிரம் கதையைச் சொன்னால் கேட்டுக்கொள்வாள், ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆகவே மிச்சமிருந்த பிலிமில் இரண்டு துண்டு வெட்டினேன். அன்று காலை வாங்கிய கணையத்தில் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நசுக்கி ஒரு டம்ளரில் போட்டேன். இன்னொரு துண்டை அவளையே ஒரு கொதி விடச் சொல்லி நசுக்கி மற்றொன்றில் போட்டேன். இரண்டிலும் தண்ணீர் விட்டு, பிலிம் துண்டைப் போட்டு, வெதுவெதுப்பான நீர் இருந்த பாத்திரத்தில் வைத்தோம். அவள் காப்பி டம்ளருடன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நாயும் உட்கார்ந்தான், அவனுக்கு வாசனை போதும்.

ஒரு மணி நேரம் கழித்து நான் பிலிம்களை எடுத்துக் கழுவி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். பச்சைத் துண்டு போட்ட பிலிம் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி தெரிந்தது. கொதித்த துண்டு போட்ட பிலிமில் ஒன்றும் தெரியவில்லை.

மனைவி இரண்டையும் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்ப இவ்ளோ நாளா வெறும் கறியத்தான் போட்டுனு இருந்தோமா?"

"வெறும் கறிதான்."

"நீர்க்கட்டிக்கு இன்னா பண்றது?"

அதற்கு அவளே வழி சொன்னாள். ஒவ்வொரு கணையத்தையும் அவள்தான் வெட்டுவாள். காகிதம் போல் மெல்லிய துண்டுகளாக, பகல் வெளிச்சத்தில், தனிக் கத்தி, தனிப் பலகை, துணி துவைக்கும் கல் பக்கத்தில். கடுகளவு கட்டி இருந்தாலும் முழுவதையும் எரித்துவிட வேண்டும். நாய்க்குக் குறித்த தேதி தவறாமல் பூச்சி மருந்து. மலத்தை அள்ளிய கையோடு நான் அடுப்படிக்குள் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். பிறகு மருத்துவரைக் கேட்டபோது, இப்படிச் செய்தால் பயம் கம்மி என்று அவரும் சொன்னார்.

நான் சேர்த்தது ஒன்றுதான். டிரம்மில் பேட்டுக்கு நேரம் கொடுக்கிறோம், தட்டிலும் கொடுப்போம். வெதுவெதுப்பான சோற்றில் பச்சைக் கணையத்தைப் பிசைந்து மூடி அரை மணி நேரம் வைத்தோம். மனைவி குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவள் போல மணிக்கட்டில் ஒரு பருக்கை வைத்துச் சூடு பார்ப்பாள். திறக்கும்போது சோறு கஞ்சி போல் இளகியிருக்கும்.

முதல் இரண்டு நாள் நாய் மூடியை மூக்கால் தள்ளினான். அதட்டினோம். பிறகு தட்டுக்கு எதிரே முன்கால்களை நீட்டிப் படுத்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டான். பக்கத்து வீட்டு அம்மா இதையும் பார்த்துவிட்டார். "அப்பவே சொன்னேனே, ரோஜாதான். பாரு, பாங்கு சொன்னாத்தான் வாய வைக்கும்."

நான்காம் நாள் மலம் கெட்டியானது. நிறம் பழுப்பு. அள்ளுகிறவன் என்ற முறையில் அதைக் கண்டதும் மனைவியை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் வந்து குனிந்து பார்த்து, "நல்லாருக்கு" என்றாள்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை கம்பெனி வேனில் வேலூர் போனோம். கிளம்பும்போது மனைவி பையில் ஒரு பழைய படுக்கை விரிப்பை மடித்து வைத்ததைப் பார்த்தேன். முந்தைய நாள் டேனரித் தராசில் இருபத்தொன்றரை காட்டியிருந்தது. இருந்தாலும் எடுத்து வைத்தாள்.

மருத்துவர் நாயின் முதுகுத் தோலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பல் ஈறைப் பார்த்தார். "பச்சையாத்தான குடுக்கறீங்க?"

"இப்பத்தான் மூணு வாரமா" என்றாள் மனைவி.

"அதுக்கு முன்னாடி?"

"ஒரு கொதி விட்டுனு இருந்தோம் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க டேனரி கெமிஸ்ட்டுதான?" என்று மட்டும் கேட்டார். பி12 எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது அந்த விரிப்பை வேனில் விரித்தோம். நாய் அதில் ஆம்பூர் வரை தூங்கினான்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் இருந்தான். முப்பது கிலோவைத் தொட்டான், தாண்டவில்லை. காந்தி ஜெயந்தி, வள்ளலார் நாள், மகாவீர் ஜெயந்தி என்று கறிக்கடை மூடும் நாட்கள் எனக்குப் பண்டிகைகளைவிட நன்றாக மனப்பாடம். அதற்கு முந்தின நாளே வாங்கி ஃப்ரீசரில் வைப்போம். கரண்ட் போனால் முதலில் அதைத்தான் பார்ப்போம். கறிக்கடை பாய் கடையை மகனிடம் விட்டபோது சொல்லிக் கொடுத்த பாடங்களில் எங்கள் லப்லபாவும் ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கும் வெளியூரில் தங்கியதில்லை.

கடைசியில் கணையம் காரணமில்லை, சிறுநீரகம். இரண்டாயிரத்தில் ஒரு கோடையில் சாப்பாட்டை நிறுத்தினான். மருத்துவர் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார், வலி இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். மனைவி வழக்கம் போலத் துவைக்கும் கல் பக்கம் நின்று மெல்லிய துண்டுகளாக வெட்டினாள், பிசைந்தாள், மூடினாள். நாய் எழுந்து வந்து தட்டுக்கு எதிரே முன்கால்களை நீட்டிப் படுத்தான். அரை மணி நேரமும் இருந்தான். மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்துவிட்டு, எழுந்து போய் அந்தப் பழைய விரிப்பில் படுத்துக்கொண்டான். ஒரு வாரம் அப்படி நடந்தது. ஒவ்வொரு நாளும் நாங்கள் பிசைந்து வைத்தோம்.