ஆறு மூணு ஏழு ஒண்ணு

டோரீன் ஹெப்னர் ஒரு பழைய இன்ஜினைப் பார்க்கப் போனால் முதலில் விலை கேட்கமாட்டாள். ஓடுமா என்றும் கேட்கமாட்டாள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு அதன் முன்னால் மண்டியிட்டு, முன்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டமாக இழைத்து விட்டிருக்கும் இடத்தைத் துடைப்பாள். கார் ஆலைக்காரர்கள் வண்டியின் எண்ணை அங்கேதான் குத்தியிருப்பார்கள். அதன் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்த பிறகுதான் எழுந்து இன்ஜின் சொந்தக்காரரின் முகத்தைப் பார்ப்பாள். மரியாதை தெரியாத பொம்பளை என்று மிச்சிகனில், கட்டைவிரல் போல ஏரிக்குள் நீண்டிருக்கும் எங்கள் பக்கத்து விவசாயிகள் அவளைப் பேசுவதுண்டு. அவள் காதில் அது விழுந்ததாகவே காட்டிக்கொண்டதில்லை.

அவள் தொழில் அது. நாற்பது வருடத்துக்கு முந்தைய பெரிய இன்ஜின் கார்களைத் தூசி தட்டி மறுபடி புதுசாக்கும் ஒரு கூட்டம் நாடெங்கும் இருக்கிறது. பணம் கொழுத்தவர்கள். காருக்கு ஜாதகம் பார்க்கிற ஆட்கள் என்றுதான் நான் சொல்வேன். இன்ஜின் ஓடினால் மட்டும் போதாது, காரோடு பிறந்த இன்ஜினாக இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், கார் ஆலையை விட்டு வருவதற்குச் சில வாரம் முன்னால் வார்க்கப்பட்ட இன்ஜினாவது வேண்டும். ஒரு நாள் பிந்தி வார்த்ததென்றாலும் கண்காட்சியில் மானம் போய்விடும். அவர்களுக்காக டோரீன் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினாள். கார்புரேட்டர், விசிறி, டைனமோ என்று எதை எங்கே கேட்டாலும் தேடிக் கொண்டுவந்துவிடுவாள் என்று பெயர்.

ஆனால் அந்த நான்கு இலக்கங்களை அவள் படித்தது வாடிக்கையாளருக்காக இல்லை. தன் அண்ணன் டுவேனுக்காக.

டுவேன் சாகினா நகரத்து இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்துச் சம்பாதித்த காசில், எழுபதாம் வருடம் ஒரு பச்சை நிற செவர்லே கார் எடுத்தான். தெருவே அதிரும் இன்ஜின். டோரீனுக்கு அப்போது பதினோரு வயது. கையில் டார்ச்சைக் கொடுத்து, காருக்கு அடியில் படுக்கவைத்து அவளுக்கு எண்ணைக் காட்டினான். "இந்த நம்பர் இன்ஜின்லயும் இருக்கு, கியர்பாக்ஸ்லயும் இருக்கு. வேற எந்த வண்டிக்கும் கிடையாது. மறந்துடுவியா?" என்று கேட்டான். மறப்பதாவது! அன்று சாயங்காலமே கயிறு தாண்டும்போது அதைத்தான் பாடினாள். ஆறு மூணு ஏழு ஒண்ணு, ஆறு மூணு ஏழு ஒண்ணு.

எழுபத்து நான்கில் ஓர் இலையுதிர்காலத்தில் டுவேன் காரோடு காணாமல் போனான். கடைசியாகப் பார்த்தது அவன் கூட்டாளி எல்டன் குசாக். "அரிசோனாவுல செப்புச் சுரங்கத்துல வேலைன்னான். அப்பாகிட்ட சொன்னா விடமாட்டாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு மேற்கே போயிட்டான்" என்று எல்டன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அழுதான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகாது. அதனால் எல்லோரும் நம்பினார்கள். கடிதம் வரவில்லை. அப்பா செத்தபோதும் அவன் வரவில்லை, அம்மா செத்தபோதும் வரவில்லை.

டோரீன் மட்டும் அவனை மனதுக்குள் வளரவிட்டாள். அரிசோனாவில் தொப்பை போட்டு, தலை வழுக்கையாகி, பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் வாழ்ந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு இன்ஜினையும் அவள் துடைத்துப் பார்த்ததும், எண் வேறாக இருந்தால் மூச்சு விட்டதும் அதனால்தான். அந்த எண் மிச்சிகனில் அகப்படாத வரைக்கும் அண்ணன் மேற்கே இருக்கிறான். இங்கே அகப்பட்டால் அவன் எங்கேயும் போகவில்லை என்று அர்த்தம்.

தேடிப் பார்க்காத கொட்டகை இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். எல்டனுடையது. அண்ணன் விட்டுப்போன இடத்தில் அவன்தான் அண்ணனாக இருந்தான். டோரீனின் கல்யாணத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது அவர் இடத்தில் அவள் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோனது அவன். அந்தக் கல்யாணம் முறிந்தபோது அவள் சாமான்களை வண்டியில் ஏற்றி வந்ததும் அவன். ஜனவரி வந்தால் தன் வயலுக்குப் பின்னால், சரளை தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் குட்டை உறைந்ததும் அதன்மேல் பலகைக் குடில் போட்டு, அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பான். பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டு, பிளாக்பெரி பிராந்தியைப் பகிர்ந்துகொண்டு, பிடித்த பெர்ச் மீனை அங்கேயே வறுத்துத் தின்பார்கள். குடிலை எப்போதும் தெற்குப் பக்கம்தான் போடுவான். வடக்கே ஆழம் அதிகமாயிற்றே என்று அவள் ஒருதரம் கேட்டதற்கு, "அங்க ஒண்ணும் கடிக்காது, பொடிசு" என்றான். ஐம்பது தாண்டியும் அவனுக்கு அவள் பொடிசுதான்.

ஒரு குறை உண்டு அவனிடம். எதையும் தூக்கிப் போட மனம் வராது. வளைந்த ஆணியை எல்லாம் சுத்தியால் நிமிர்த்தி காப்பி டப்பாக்களில் போட்டு வைத்திருப்பான். செத்தால் சவப்பெட்டிக்கும் அதைத்தான் அடிப்பான் என்று ஊரில் கேலி.

அந்த அக்டோபரில் எல்டன் நிலத்தை விற்றான். முழங்கால் போய்விட்டது, ஃப்ளோரிடாவில் மகளோடு போய் இருக்கப்போகிறான். சனிக்கிழமை ஏலம். புதன்கிழமை அவனே டோரீனைக் கூப்பிட்டான்.

"ஏலக்காரனுங்க வந்து நோண்டறதுக்குள்ள ஒரு சாமான் இருக்கு, நீ எடுத்துட்டுப் போயிடு. காசு வேணாம். பழைய செவர்லே இன்ஜின். தண்ணி இறைக்க ஓட்டிட்டிருந்தேன்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லியே!"

"உங்கிட்ட சொன்னா பம்பு செட்டு போயிடுமே."

அவள் சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தாள். சர்க்கரை பீட் கிழங்கு ஏற்றிய லாரிகள் சாலையெல்லாம் சேறு இறைத்திருந்தன. வானம் தாழ்ந்து ஈயம் போலக் கிடந்தது. கொட்டகை வாசலில் எல்டன் காத்திருந்தான். வழக்கமாக அவனுக்கு முன்னால் ஓடிவரும் நாயை அன்று கட்டிப் போட்டிருந்தான்.

இன்ஜின் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பெரிய இன்ஜின், டுவேனின் காரில் இருந்த அதே ரகம். பின்பக்கத்து வார்ப்புத் தேதியைத் துணியால் துடைத்தாள். எழுபதாம் வருடத்து மார்ச். அண்ணன் கார் எடுத்தது மே மாதம். அவள் முன்பக்கம் வந்து மண்டியிட்டாள்.

எண் இருக்க வேண்டிய இடம் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் நாற்பது வருடத்து எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடக்க, அந்த இரண்டு விரல் அகலம் மட்டும் கிரைண்டர் போட்டுத் தேய்த்துப் புத்தம் புதுசாக மின்னியது. தேய்த்த கோடுகளில் துரு படியக்கூட இல்லை.

"இதை யாரு தேய்ச்சது?"

"நான்தான். துருவா இருந்துது. நீ வரேன்னு கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

"இந்த எடத்தை மட்டுமா?"

"ஏன், தப்பா? எனக்கு என்ன தெரியும் பொடிசு, நான் மாடு மேய்ச்சவன்."

அவனுக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் அதே பலகைக் குடிலில், இரண்டாவது தம்ளர் பிராந்திக்குப் பிறகு, யாருக்கும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். ஒவ்வொரு இன்ஜினிலும் எண் எங்கே இருக்கும், தான் எதைத் தேடுகிறேன், கிடைத்தால் அது என்ன அர்த்தம், எல்லாம். எல்டன் துளையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ அதைத் தேய்ச்சுட்டா ஒண்ணுமே தெரியாதா?" என்று மட்டும் கேட்டான். அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது தூண்டிலில் மீன் மாட்டியது. பேச்சு அதோடு போயிற்று.

டோரீன் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். உலகத்தில் இந்த மாதிரி இன்ஜின் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கிழவன் பாவம், நல்லது செய்வதாக நினைத்துத் தேய்த்திருக்கிறான். "எங்க வாங்கினே?" என்று கேட்டாள்.

"ஏதோ ஏலத்துல. எண்பதுல இருக்கும், இல்ல அதுக்கும் முன்னாடி. இதுகூட வந்த கியர்பாக்ஸ் ஒண்ணு அந்த மூலையில கிடக்கு பாரு. பம்புக்கு அது தேவைப்படல. அதையும் தூக்கிட்டுப் போ."

அவன் டிராக்டரைக் கொண்டுவரப் போனான். டோரீன் மூலைக்குப் போனாள். கோணியை விலக்கினாள். நாலு கியர் பெட்டி, அலுமினிய உடம்பு. கோழி எச்சமும் கிரீஸும் தடிமனாகப் பிடித்திருந்தது. இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அப்படியே இருக்கும். அவள் கை துணியைப் பிழிந்தது. துடைக்காமலே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். துடைக்காவிட்டால் அரிசோனாவில் டுவேன் இன்னும் பத்து இருபது வருடம் இருப்பான், பேரன் பேத்தி எடுப்பான்.

அவள் துடைத்தாள்.

ஆறு. மூணு. ஏழு. ஒண்ணு.

கொட்டகைக்குள் டிராக்டர் வந்து நின்ற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. சங்கிலி தரையில் இழுபடும் சத்தம்தான் கேட்டது. திரும்பினால் எல்டன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றிருந்தான்.

"அங்க என்ன பாக்கறே?"

"விரிசல் இருக்கான்னு."

"அதுலயும் ஏதாவது நம்பர் கிம்பர் போட்டிருப்பானா?"

நாற்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த குரல்தான். இருந்தாலும் அதில் ஏதோ ஒன்று கழன்றிருந்தது. டோரீன் கிரீஸ் படிந்த துணியை அந்த எண்ணின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

"கியர்பாக்ஸ்லயா? சே, அதுல எவன் போடுவான்? கம்பெனிக்காரன் பேருதான் இருக்கு."

எல்டன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கைத்துணியைப் பார்த்தான். கொட்டகைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. "சரி, நகரு. தூக்கிடறேன்" என்றான் கடைசியில்.

அவன் தூக்கி வைக்கும்வரை அவள் நின்றே ஆகவேண்டியிருந்தது. ஓடினால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் நிதானமாகச் சங்கிலி கோத்தான், இறக்கினான், பட்டை போட்டுக் கட்டினான், ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். தன் அண்ணனின் காரை அவிழ்த்ததும் இதே கைகள்தான், இதே நிதானத்தோடுதான் என்று அவளுக்குத் தோன்றியது. வண்டியில் சாய்ந்துகொண்டாள்.

"ஸ்கிராப்புக்குப் போட்டிருக்கலாமே, எல்டன்?" அவளை மீறி வாயில் வந்துவிட்டது.

"போட்டிருக்கலாம்." அவன் இன்ஜினைக் குதிரையைத் தட்டுவதுபோல் தட்டினான். "மனசு வரல. நல்ல இன்ஜின்ல? தண்ணியில போறதுக்கு..." என்றவன் நிறுத்தி, "தண்ணி பட்டுத் துருப்பிடிக்கறதுக்கு விடக்கூடாதுல்ல" என்றான்.

டோரீன் தன் வண்டிக் கதவைத் திறந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போயேன். மான் கறி இருக்கு."

"கஸ்டமர் ஒருத்தன், பல் டாக்டர், காத்திட்டிருக்கான். இன்னொரு நாள் வரேன்."

"இன்னொரு நாள் ஏது? சனிக்கிழமை போறேனே." அவன் அவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டான். விடுகிற மாதிரி தெரியவில்லை. "டோரி," என்றான். அந்தப் பெயரில் அவன் அவளைக் கூப்பிட்டதே இல்லை. "நான் உன்னை நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்?"

"பாத்துக்கிட்டே எல்டன்" என்றாள் அவள். அது உண்மைதான்.

அவன் கையை எடுத்தான்.

வண்டிப்பாதை குட்டையின் வடக்குக் கரையை, அவன் ஒருநாளும் குடில் போடாத பக்கத்தை, ஒட்டித்தான் சாலைக்குப் போகிறது. தண்ணீர் கறுப்பாக இருந்தது, மழை அதன்மேல் சிறு சிறு வட்டங்களாக விழுந்துகொண்டிருந்தது. டோரீன் அந்தப் பக்கம் திரும்பாமல் ஓட்டப் பார்த்தாள், முடியவில்லை. தொண்டைக்குள் பெர்ச் மீனின் ருசி வந்தது. சாலை ஓரம் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து வாந்தியெடுத்தாள். கண்ணாடியில் எல்டன் இன்னும் கொட்டகை வாசலில் நின்றிருந்தான். மழைக்கு ஒதுங்கக்கூட இல்லை.

ஷெரீஃப் அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பெயரை எழுதிக்கொண்டான், ஊரை எழுதிக்கொண்டான்.

"உங்க அண்ணன் காணாமப் போய் எவ்வளவு நாளாச்சும்மா? யாரும் அவரைத் தேடலையா?"

டோரீன் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் அந்தப் பெட்டியின் கிரீஸ் இருந்தது.

"தேடினேன். ஜனவரிக்கு ஜனவரி அந்தக் குட்டைமேல அண்ணன் பக்கத்துலயே உக்காந்து மீன் பிடிச்சுத் தின்னேன் தம்பி" என்றாள்.