தொடாத, அரிக்கும்

நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தால் வரும் வாசனை மற்ற பெண்களுக்கு யாருடைய கல்யாணத்தையாவது நினைவுபடுத்தலாம். எனக்கு அது அப்பாவின் வாசனை.

அப்பாவுக்குப் படகில் வேலை என்று சொன்னால் எல்லாரும் அவரை மீன்பிடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. கடலுக்குள் கொஞ்ச தூரம் போனாலே வாந்தி எடுத்துவிடுவார். பிளைவுட்டால் செய்த படகுகளின் மேல்தளத்தில் பைபர் ஒட்டி, ரெசின் பூசி, தண்ணீர் இறங்காமல் அடைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. அதைத் தேடிக்கொண்டு குளச்சல் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, விழிஞ்ஞத்துக்கு அருகே ஒரு படகுப் பட்டறையில் தங்கிவிட்டார். பட்டறைக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவில், எங்களுக்கு ஓர் ஒற்றை அறை வீடு. நாங்கள் என்றால் அப்பாவும் நானும். நான் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள். அப்பா அதைப் பற்றிப் பேசியதில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசியதில்லை என்பதால் அது தனியாகத் தெரியவும் இல்லை.

அவர் வேலை செய்வதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். பலகைகளின் இணைப்பையெல்லாம் பசையால் அடைத்துத் தேய்த்த பிறகு, வெள்ளை வெளேரென்று ஒரு பாய் வரும். கண்ணாடி நூலை நறுக்கி அமுக்கிச் செய்தது. மேட் என்பார்கள். ரெசினில் அதை இறுகவைக்கும் மருந்தைச் சொட்டு விட்டுக் கலக்கியாகிவிட்டால் அப்புறம் பேச்சுக்கு இடமில்லை, தாமதித்தால் வாளியிலேயே கட்டியாகிவிடும். அப்பா மேட்டை மேல்தளத்தில் விரித்து, பிரஷால் குத்திக் குத்தி ரெசினை ஊறவைத்து, மேலே ஒரு சின்ன உருளையை ஓட்டுவார். நனைய நனைய வெள்ளை மறைந்து, அடியில் இருக்கும் மரத்தின் ரேகை தெரியத் தொடங்கும். எங்காவது ஒரு புள்ளி வெள்ளையாகவே நின்றால் அங்கே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். முட்டி போட்டு அந்தப் புள்ளியைத் துரத்தித் துரத்தி விளிம்புக்குக் கொண்டுபோய் வெளியேற்றுவார்.

“காத்து நின்ன எடத்துல வெள்ளம் கேறும்” என்பார் கூட வேலை செய்கிறவர்களிடம். தமிழ்நாட்டில் வெள்ளம் என்றால் ஊரையே அடித்துக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரே வெள்ளம்தான்.

இதுவரை எல்லாம் அழகு. காய்ந்த பிறகு விளிம்புகளைக் கிரைண்டரால் தேய்க்கும்போதுதான் வினை. கண்ணாடித் தூள் புகைபோல எழும்பி, தேய்க்கிறவரின் தலைமுதல் கால்வரை படியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கைபட்டால் தெரியும். அப்பா காலையிலேயே கையிலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு முழுக்கைச் சட்டை போட்டுத்தான் போவார். மாலையில் வந்தால் வீட்டுக்குள் நுழையமாட்டார். வெளியே குழாயடியில் பச்சைத் தண்ணீரில் நெடுநேரம் குளிப்பார். வேலைச்சட்டையைத் தானே அலசி, தனிக்கொடியில் போடுவார். என் துணி இருக்கும் கொடியின் பக்கம் அவர் துணி வரக் கூடாது.

நான் ஓடிப் போனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். “தொடாத மக்களே, அரிக்கும்.” தொடாதே என்பதைத்தான் அப்படிச் சொல்வார், ஒற்றைப் பிள்ளையானாலும் எங்கள் பக்கம் மக்களேதான். குளித்த பிறகு போனாலும் அதேதான், எங்கேயாவது ஒரு தூள் மிஞ்சியிருக்கும் என்று அவருக்குப் பயம். சோற்றுத் தட்டை என் முன்னால் நகர்த்திவிட்டு அவர் வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் தொடாத, அரிக்கும் என்பதுதான். மற்ற பிள்ளைகள் அப்பாவின் தோளில் ஏறிக் கடற்கரைக்குப் போவதைப் பார்க்கும்போது, என் அப்பாவுக்கு மட்டும் என்னைப் பிடிக்கவில்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா வரும்வரை வீட்டில் யாரும் இல்லை. பட்டறையின் கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்கும். அப்படி ஒரு மாலையில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் என் துணிகளை எடுத்தேன். அப்பாவின் கொடியில் ஒரு நீலக்கட்டச் சட்டை நனையத் தொடங்கியிருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். தொடக் கூடாது என்றவர் அவரைத்தானே தொடக் கூடாது என்றார், சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. கைமுனையில் ரெசின் சொட்டி அங்கங்கே கெட்டியாகியிருந்தது. முகத்தில் வைத்து மோந்தேன். அப்பா அப்படியே உள்ளே இருந்தார்.

அதன்பிறகு தினமும் மாலையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதினேன். முழங்கால்வரை வரும். அவர் வரும் நேரத்துக்குக் கொடியில் போட்டுவிடுவேன். ஒருநாள் போட மனம் வரவில்லை, தலையணைக்குள் திணித்துக்கொண்டேன். காற்று கடலுக்குக் கொண்டுபோய்விட்டது என்று அப்பா தேடுவதை விட்டுவிட்டார்.

என் கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது அப்போதுதான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் நான் கெட்டிக்காரி என்று பெயர்.

வகுப்பில் என் பெஞ்சு மெல்ல மெல்லக் காலியானது. முதலில் பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள், பிறகு வேறு பெஞ்சுக்கே போனாள். பாண்டிச் சொறி என்று எனக்கு ஒரு பெயர் வந்தது, தமிழர்களை அங்கே கேலியாகப் பாண்டி என்பார்கள். மத்தியானச் சோற்றை நான் மட்டும் கிணற்றடியில் தின்றேன். ஒருநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, என்னைத் தொடாமலே என் கையைப் பார்த்துவிட்டு, “அச்சனோடு நாளெ வரான் பறயணம், கேட்டோ” என்றார். அப்பாவை நாளைக்கு வரச் சொல்ல வேண்டும்.

அப்பா நன்றாகக் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார், அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பட்டறையிலேயே படுக்கப் போய்விட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை, சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தேன். அவர் விலக விலக நான் அதை இறுக்கிக்கொண்டேன், நான் இறுக்க இறுக்கத் தடிப்பு கூடியது, தடிப்பைப் பார்த்து அவர் இன்னும் விலகினார்.

கோடை விடுமுறைக்கு என்னைக் குளச்சலில் அத்தை வீட்டில் விடுவது என்று முடிவானது. அத்தை அப்பாவுக்கு மூத்தவர், பிள்ளைகள் இல்லை. வாசலில் நின்று இருவரும் பேசியதைக் கேட்டேன். “இங்க வந்து அரிப்பு மாறிச்சின்னா இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துரு அக்கா. என் வேல அவளுக்கு ஆகாது” என்றார் அப்பா. அப்பா என்னிடம் வந்து, தொடாமல், “சொன்னபடி கேட்டு இரி மக்களே” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார். தெருமுனையில் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். பார்க்கவில்லை.

தடிப்பு மாறிக் குணமானால் இங்கேயே என்பது எனக்குப் புரிந்தது. மாறக் கூடாது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். அத்தையோ மாற்றியே தீருவது என்று இறங்கிவிட்டார். கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது. குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசி, காயும்வரை புறவாசலில் நிற்கவைப்பார். பச்சைப் பிள்ளையாக நின்றுகொண்டிருப்பேன், கோழிகள் வந்து பார்த்துவிட்டுப் போகும். பகலில் கொஞ்சம் தணியும். காலையில் எழுந்தால் மறுபடியும் தடித்திருக்கும். மாதா என் பக்கம் என்று நினைத்தேன். பையின் அடியில் மடித்துக் கொண்டுவந்திருந்த நீலக்கட்டச் சட்டை தினமும் இரவில் தலையணைக்குள் போவது அத்தைக்குத் தெரியாது.

ஒரு மத்தியானம் நான் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். அத்தை தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினார். சட்டை வெளியே வந்து விழுந்தது. திட்டு விழும் என்று இமையை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தபோது அத்தை சட்டையின் கைமுனையைத் தடவிக்கொண்டு, மோந்து பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சட்டையை மடியில் போட்டபடி என் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுபடி பழையபடியே திணித்து வைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டார்.

“உன் வேலைக்கும் இவ அரிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லலே. இங்க என்ன கண்ணாடியா இருக்கு? மாறவே இல்ல. இது இவளுக்குப் பிறவியிலயே உள்ளதாக்கும். நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போ. இனிமே தள்ளித் தள்ளி நிக்காத, கேட்டியா.” கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன், பேசிக்கொண்டே தன் முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டிருந்தார்.

அவ்வளவும் என் காதில் விழுந்தது. ஆனால் நான் எடுத்துக்கொண்டது நாளைக்கே கூட்டிட்டுப் போ என்ற ஒன்றைத்தான். அத்தைக்கும் என்னைப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற சந்தோஷம்கூட அதில் அடிபட்டுப் போனது.

மறுநாள் அப்பா வந்தார். அக்காவின் பேச்சை அவர் அப்படியே நம்பிவிட்டது முகத்தில் தெரிந்தது, நம்புவதற்கே காத்திருந்தவர்போல. வந்ததும் என் தலையில் கையை வைத்தார். ஊர் திரும்பிய சில நாளில் தடிப்பெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போனதும், குப்பைமேனி மெதுவாகத்தான் வேலை செய்யும், அக்கா கைராசி என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜூன் மாதம் என் பெஞ்சில் ஆள் வந்து உட்கார்ந்தது.

ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அத்தை பையை அவரே அடுக்கிக் கையில் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பஸ் நகர்ந்தபோது கையும் ஆட்டவில்லை. மார்த்தாண்டம் தாண்டியதும் பைக்குள் கைவிட்டுத் துழாவினேன். பாவாடை இருந்தது, சீப்பு இருந்தது, வாழைக்காய் வற்றல் பொட்டலம் இருந்தது. சட்டை இல்லை. எல்லாவற்றையும் மடியில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், இல்லை. என்னிடம் இருந்த ஒரே அப்பாவையும் அத்தை பிடுங்கிக்கொண்டார் என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அத்தையைப் பிரிந்து அழுகிறேன் என்று அப்பா நினைத்தார். “அடுத்த லீவுக்கு வருவோம் மக்களே” என்று சொல்லி என்னை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். அவர் சட்டையில் அதே வாசனை இருந்தது. அதில் முகத்தை அழுத்திக்கொண்டு, தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கும்வரை, தொலைந்துபோன அந்தச் சட்டைக்காக நான் அழுதுகொண்டே இருந்தேன்.