இரண்டு எல்லைக்குள்ளும் விழுந்த புள்ளி

மதியம் இரண்டு பதினேழு.

இது நடந்தது. நம்பாதவர்களைப் பிடித்து உட்காரவைத்து நம்பவைக்கும் உத்தேசம் இல்லை. அன்று அந்த அறையில் இருந்தவனும் நம்பாதவன்தான். பேய் என்று யாராவது வாயைத் திறந்தால், படித்தவர்கள்தானே நீங்கள் என்று கேட்கிற ஆள்.

அலுவலகத்தில் அவனை ஸ்கேல் என்பார்கள். டிபன் பாக்ஸைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைத்துத்தான் திறப்பான். ஆம்புலன்ஸ் நிலையத்தில் வரைபட வேலை. கீழே வண்டிகள் நிற்கும். இரண்டாம் மாடியில் அவன். ஓட்டுநர்கள் என்றால் அவனுக்கு இளக்காரம். பத்து வருடம் ஓட்டினாலும் வழி கேட்டுத்தான் போவார்கள் என்பான். அதில் ஒருவன் அவன் மனைவியின் தம்பி. அதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டான்.

வேலை இதுதான். உதவி கேட்டு யாராவது போன் செய்தால், எடுக்கிறவர்கள் வண்டி வரும் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அழைத்தவர் இருக்கும் இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். வடக்கு நிலையத்துக்கு ஓர் எல்லை, இவர்கள் இருக்கும் தெற்கு நிலையத்துக்கு ஓர் எல்லை. புள்ளி எதற்குள் விழுகிறதோ அந்த நிலையத்தின் திரையில் அழைப்பு வரும். வண்டி கிளம்பும்.

எல்லையை வரைந்த புண்ணியவான்கள் நடுவில் நான்கு தெருக்களை இரண்டு பக்கமும் சேர்த்து வரைந்து வைத்திருந்தார்கள். அங்கே விழும் புள்ளி இரண்டு திரையிலும் வந்தது. ஒரே வாசலில் இரண்டு வண்டிகள். மேலாளருக்கு டீசல் ஞாபகம் வந்தது. நோயாளி ஞாபகம் அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை.

ஒழுங்காகச் செய்வதென்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த நிலையம் பக்கம் என்று சாலை சாலையாகப் பார்க்க வேண்டும். பத்து நாள் வேலை. ஸ்கேல் அதைக் கணினியில் ஒரு வரிக் கட்டளையில் முடித்தான். ஒரே அழைப்பு இரண்டு முறை வந்தால் நீக்கு. போன மாதம் ஒன்பதாம் தேதி. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இன்று அறிக்கை. வந்த அழைப்புகள் 4,112. எல்லையோடு பொருந்தியவை 4,093. பத்தொன்பது குறைந்தது. மேலாளரிடம் சொன்னான். கூடினால்தான் கேட்பார்கள், குறைந்தால் எவன் கேட்கப்போகிறான் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். அது சுத்தமாக இருந்தால் தலைமை அலுவலகத்தில் இவனுக்கு நாற்காலி. மூன்று வருடமாக அந்த நாற்காலிக்காக மேலாளரின் மொக்கை ஜோக்குகளுக்குச் சிரித்துவந்தான்.

அறையில் வேறு யாரும் இல்லை. கடைசியாக ஒருமுறை கணக்கை ஓட்டினான்.

4,094.

ஒன்று கூடியிருந்தது. திறந்து பார்த்தான். போன மாதம் பதினொன்றாம் தேதி அழைப்பு. நேரம் இரண்டு பதினேழு. அந்த நான்கு தெருக்களில் மூன்றாவது தெரு. இரண்டு எல்லைக்குள்ளும் விழுந்த புள்ளி. நீங்கியிருக்க வேண்டியது. சனியன் என்று சொல்லிக் கையாலேயே அழித்தான்.

2:26. மறுபடி ஓட்டினான். 4,094.

அதே அழைப்பு. அதே இரண்டு பதினேழு. ஆனால் புள்ளி மூன்றாவது தெருவில் இல்லை. தெற்கே, பெரிய சாலையில், இருநூறு மீட்டர் தள்ளி இருந்தது.

டவர் கோளாறு என்றான். அறையில் கேட்க ஆளில்லை. ஆனாலும் உரக்கச் சொன்னான்.

2:38. புள்ளி பஸ் நிறுத்தத்தில் இருந்தது. மூன்று முறை ஓட்டினான். அங்கேயே இருந்தது. உட்கார்ந்து மூச்சு வாங்குவதுபோல...

வேறு வழியில்லாமல் தன் வரியைப் படித்தான். இரட்டையாக வருவதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க வேண்டும். அவன் வரி இரண்டையும் நீக்கியது. பத்தொன்பது அழைப்புகள் எந்தத் திரைக்கும் போகவில்லை. வண்டி வரும் என்று நம்பிப் பத்தொன்பது பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

மேலாளரிடம் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தான். அந்த எண்ணத்துக்கு ஆயுள் ஒரு நிமிடம். அவர்கள் ஆட்டோ பிடித்துப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டான். வண்டி வரவில்லை என்று வந்த இரண்டு புகார்களையும் மேலாளர் 'டிராஃபிக்' என்று எழுதி மூடிவிட்டார். பத்தொன்பது வரிகளை மூலப் பட்டியலிலேயே அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அழித்தான்.

2:51. ஓட்டினான். அழித்த பத்தொன்பதில் ஒரே ஒரு வரி மட்டும் பட்டியலில் இருந்தது.

புள்ளி இந்தத் தெருவில் இருந்தது.

ஏசியை நிறுத்தினான். குளிர் நிற்கவில்லை.

2:58. கட்டடத்தின் கேட். அங்கே சில நிமிடம் நின்றது.

அவன் கை எதையும் தொடவில்லை. திரை தானாக மாறியது. தீ விபத்துப் பயிற்சிக்காக இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு அறையையும் அவனே வரைந்து வைத்திருந்தான். அந்தக் கோடுகளுக்குள்...

படிக்கட்டு.

டிக்...

மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் சின்னத் தகரம் படுகிற சத்தம்.

டிக்... டிக்...

முதல் மாடி. நின்றது. யாரோ இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள்.

டிக்...

3:04. நடைபாதை.

3:05. கதவு. கதவு அசையவில்லை.

3:06. புள்ளி இந்த அறைக்குள் இருந்தது. அவன் நாற்காலி இருக்கும் இடத்தில்.

கழுத்தின் பின்னால் ஈரமான மூச்சு.

அழித்ததைத் திரும்ப எடுத்தான். தன் வரியில் ஒரு சொல்லை மாற்றினான். ஒரே ஒரு சொல். பதினொரு விநாடி ஆனது. ஏழு வாரமாக அதற்கு நேரமில்லை.

4,112.

மூச்சு இல்லை. புள்ளி மூன்றாவது தெருவில், தெற்கு நிலையத்தின் பெயரோடு அடங்கிக் கிடந்தது.

3:20. மச்சான் மேலே வந்தான். வண்டிச் சாவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? ஸ்கேல் வளைஞ்சுபோச்சா?"

மச்சான் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு விஷயம் கேட்க வந்தேன் என்றான். போன மாதம் பதினொன்றாம் தேதி, மூன்று மணி வாக்கில், சவாரி முடித்துத் திரும்பியபோது நிலையத்துக் கேட்டோரம் ஓர் அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்ததாம். இறங்கிப் பார்த்தால் உயிர் இல்லை. யார் எவர் என்று அன்றைக்குத் தெரியவில்லை. அந்த நான்கு தெருப் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர் என்று நேற்றுத்தான் தெரிந்ததாம். நெஞ்சுவலி. பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்ததைக் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

"கழுத்துல இன்ச் டேப் அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு மாமா. காத்துல அதோட தகரம் கேட்டுல பட்டு டிக் டிக்னு... இப்பவும் காதுல கேக்குது."

ஸ்கேல் கதவைப் பார்த்தான்.

"அவங்க பொண்ணு அந்தம்மா போனோட கீழ நிக்குது. சரியா ரெண்டு பதினேழுக்கு அந்தம்மா நமக்குப் பேசியிருக்காங்க. வண்டி வருது, அங்கயே இருங்கன்னு போன் எடுத்தவங்க சொல்லியிருக்காங்க. அன்னிக்கு ரெண்டே காலுக்கு நான் கீழ சும்மாதான் உக்காந்திருந்தேன். எங்க ஸ்கிரீன்ல அந்தக் கால் ஏன் மாமா வரல?"