எடுக்கப்படாத கோப்பைகள்

அந்தக் காபி விடுதியில் பழைய விதி ஒன்று உண்டு. மேசையில் கோப்பை இருக்கும்வரை வந்தவரை யாரும் எழுப்பக் கூடாது.

மாடியில் கோப்பை எடுக்கும் பொறுப்பு முப்பத்தொரு வருடமாக ஒரே சர்வருக்கு. அவருக்கு இடது முட்டியில் வலி. ஏறிவிடுவார், இறங்கத்தான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். தட்டைத் தூக்கச் சமையல்காரர் மேலே வரும் மதியமும் மாலையும் மட்டுமே கோப்பைகள் இறங்கும். இடைப்பட்ட நேரத்தில், ஒரே காபியில், கவிஞர்கள் இரண்டு சிற்றிதழ்கள் தொடங்கினார்கள். மூன்று முறை பிரிந்தார்கள்.

விடுதியின் வரலாற்றை எழுத ஓர் ஆய்வாளர் வந்தார்.

“கோப்பையை எடுக்காம விட்டது அதிகாரத்துக்கு எதிரான செயல்தானே அண்ணே?”

“முட்டி வலி சார்.”

அவருடைய தன்னடக்கத்தை ஆய்வாளர் வியந்தார். புத்தகத்தில் ‘மௌனக் கலகக்காரர்’ என்று ஓர் அத்தியாயமே வந்தது.

முதலாளி அதுவரை எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. இதைப் படித்துவிட்டார்.

“என் கடையிலயே இருந்து எனக்கே குழி பறிச்சியா?”

“முட்டி வலிங்க ஐயா.”

“அப்போ வேலைக்கு லாயக்கில்ல. நாளைக்கு ஒரு நாள் பார்க்கிறேன். கோப்பை உடனுக்குடனே கீழ வரலைன்னா வீட்டுக்குப் போயிடு.”

ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினோரு மாதம் இருந்தது.

விஷயம் கேள்விப்பட்ட எழுத்தாளர்கள் மறுநாள் அவருக்காகப் போராட்டம் நடத்தினார்கள். அதாவது, ஆளுக்கொரு காபி வாங்கிக்கொண்டு மாடியில் உட்கார்ந்தார்கள். மனுவில் யார் பெயர் முதலில் என்று காலையில் தொடங்கிய சண்டை மூன்று மணிக்கும் ஓயவில்லை. முதலாளி, மதியம் சமையல்காரரையும் மேலே விடாமல், படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வர் இரண்டு வலி மாத்திரைகளை விழுங்கிவிட்டுத் தட்டை எடுத்தார். மேசை மேசையாகக் கோப்பைகளை அடுக்கினார். ஒரு கவிஞர் தன் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“இன்னும் ஒரு வாய் இருக்குண்ணே!”

“காலையிலேர்ந்து அதே ஒரு வாய்தான் இருக்கு தம்பி.”

“உங்களுக்காகத்தானே உட்கார்ந்திருக்கோம்!”

“தெரியும். எழுந்திருங்க.”

ஏழு நிமிடத்தில் இலக்கிய இயக்கம் முழுவதும் தெருவில் நின்றது. அவர் தட்டோடு, கைப்பிடியைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பதினெட்டுப் படிகளையும் இறங்கினார்.

முதலாளி ஒதுங்கி வழிவிட்டார். “நாளைக்கு நேரத்துக்கு வந்துடு.”

சமையலறையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. சமையல்காரர்தான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

இரண்டாம் பதிப்பிலும் அந்த அத்தியாயம் இருக்கிறது. தலைப்பு மட்டும் ‘விலைபோனவர்’ என்று மாறியிருக்கிறது. முட்டியைப் பற்றி அதிலும் ஒரு வரி கிடையாது.