செடிலுக்கு முதுகு, ஊசிக்குக் கை இல்லை

கொரோனாவின் புதிய திரிபு பரவிய தை மாதம். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவை அம்புலன்ஸில் ஏற்றினார்கள். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. எனக்கும் தொற்று இருந்ததால் கூடப் போக விடவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. அடியார்களே, அது இன்றும் ஆறவில்லை.

அதற்குச் சில வாரம் முன்புதான் மூன்றாவது தடுப்பூசியைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். நான் முதல் நாளே ஓடினேன். முந்தைய ஆண்டு இரண்டு ஊசி போட்டிருந்த அப்பா, முருகனுக்கு, முதுகில் கொக்கி குத்தி எடுக்கும் செடில் காவடி நேர்ந்து, கையில் விரதக் காப்புக் கட்டியிருந்தார். பெரியப்பா மறித்தார்.

“காப்புக் கட்டின உடம்பிலை ஊசி ஏத்தக் கூடாது. உந்த ஊசி போட்டவைக்கும் கொரோனா வருத்தம் வருதுதானே!”

“முதுகிலை செடில் கொழுவலாம், கையிலை ஊசி குத்தக் கூடாதோ, பெரியப்பா?”

“கம்பஸுக்குப் போய்ப் படிச்சு வாய்தான் நீண்டிருக்கு உனக்கு!”

அப்பா சிரித்தார். “திருவிழா முடியட்டும் பிள்ளை, போடுறன்.”

காவடி எடுத்த மூன்றாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். ஊசி போட்ட எனக்கும் வந்தது, உண்மை. மூன்று நாள் தொண்டை நோ, உடம்பு உளைவு, எழும்பிவிட்டேன். அப்பா ஐந்தாம் நாள் மூச்செடுக்க முடியாமல் விழுந்தார்.

அம்புலன்ஸ் போனதும் சாமியறைக்குள் போனேன். கும்பிடவில்லை, சண்டை பிடித்தேன். “முருகா, உனக்காக முதுகைக் கிழிச்ச மனிசன். அவரின்ரை மூச்சைத் திருப்பிக் குடு. இல்லையெண்டால் உன்ரை வாசலை மிதிக்க மாட்டன்.” குரல் அடைக்கும்வரை அதையே சொன்னேன்.

மறுநாள் டொக்டர் தொலைபேசியில் பேசினார். “ஒட்சிசன் ஏறுது, தங்கச்சி. பழைய ரெண்டு ஊசியும் கொஞ்சம் தாங்கியிருக்கும். மூண்டாவதையும் போட்டிருந்தால் இவ்வளவு மோசமாகாமல் இருந்திருக்கலாம்.”

நிலத்தில் விழுந்து அழுதேன்.

அப்பா வீடு வந்ததும் பெரியப்பா வந்தார். “பாத்தியோ, ஊசியில்லை, கந்தன்தான் காப்பாத்தினவன்.”

“ஓம், கந்தன்தான். ஊசியைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுவந்து தந்தவனும் அவன்தான். நீங்கள்தான் வழியிலை நிண்டு மறிச்சனீங்கள்!”

அப்பா மெல்லச் சொன்னார்: “தொற்று வந்ததாலை என்னை ஊசிக்குக் கொஞ்ச மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கினம், அண்ணை. நீங்கள் நாளைக்கே போய்ப் போடுங்கோ.”

முன்பெல்லாம் பரீட்சைக்கு மட்டும் தேவாரம் ஒப்புவித்தவள் நான். இப்போது தினமும் அவனோடு கதைக்கிறேன், ஒளிக்காமல். நீங்களும் கேளுங்கள். அழகாகக் கேட்க வராவிட்டால் திட்டிக் கேளுங்கள், அவன் கோபிப்பதில்லை. ஆனால் அவன் தருவது ஒரு தாதியின் கையில் வந்தால், நாள் பார்க்காமல் சட்டைக் கையைச் சுருட்டுங்கள்.