செடியடியில் புதைத்த மொட்டுகள்

காளவாசலைத் தாண்டி மேற்கே வெகுதூரம் போனால் எங்கள் மல்லித் தோட்டம். போன கோடையில் மொட்டுகள் ஊதா பாரித்து, விரியாமலே செடியில் கருகின. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போகும் மூட்டை வாரத்துக்கு வாரம் சிறுத்தது. ஆடி பிறந்ததும் செடிகளை வேரோடு எடுத்துவிடப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். அம்மா தன் கையால் நட்ட செடிகள் அவை. அவளுக்குச் சாப்பாடு குறைந்துபோனது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் விலங்கியல் முடித்தவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

கெட்ட மொட்டைப் பிளந்தால் உள்ளே பச்சை உடம்பும் கறுப்புத் தலையுமாக ஒரு புழு. ஒரு மொட்டைத் தின்று முடித்ததும் மெல்லிய இழையால் பக்கத்து மொட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு அதற்குள் நுழையும். அதுவரை எல்லோரும் பார்த்ததுதான். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஊறுகாய் பாட்டிலில் ஈரமண் போட்டு, மேலே கெட்ட மொட்டுகளை வைத்து, வாயைத் துணியால் கட்டி வைத்தேன்.

"இம்புட்டுப் படிச்சது புழுவுக்கு வீடு கட்டத்தேனா தாயி?" என்றார் அப்பா.

புழுக்கள் மொட்டை விட்டிறங்கி மண்ணுக்குள் போயின. பிறகு ஒரு காலையில் பாட்டிலின் உள்பக்கம் ஓர் அந்துப்பூச்சி ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. வெள்ளைச் சிறகு, அதில் மையால் இழுத்த மாதிரி கறுப்பு நெளிகோடுகள். பகலில் இலைமறைவில் அசையாமல் கிடந்து, இருட்டிய பின் பறந்து இளமொட்டுகளில் முட்டையிடும் சாதி. மல்லி பூக்கிற இடமெல்லாம் அதற்கும் ஊர்தான். அழகாகவே இருந்தது.

அதைப் பார்த்தபோது அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன. பூ காலில் மிதிபடக் கூடாது என்பதால், கெட்ட மொட்டைக்கூட அவள் வரப்பில் எறிய மாட்டாள். அந்தந்தச் செடியடியிலேயே மண்ணைக் கீறிப் போட்டு மூடுவாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். மண்ணில் கூடு கட்டும் புழுவை நாங்களே மண்ணுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

கெட்ட மொட்டுகளைத் தனியே பறித்துக் கொளுத்த வேண்டும், செடியடி மண்ணைக் கிளறி வெயிலில் காயவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூவப் போயித் தீயில போடச் சொல்றியேடி."

"போடலைன்னா ஆடியில செடியே போயிரும்மா."

மறுநாள் காலை, தோட்டத்து மூலையில் அம்மா சருகைக் குவித்துத் தீ வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மடியிலிருந்த மொட்டுகளைக் கை கையாக அள்ளிப் போட்டாள். ஈரப்புகை எழுந்தது. மல்லி வாசமே இல்லை. வரப்பில் வந்து நின்ற அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஆடியில் கிழக்குப் பாதியை அவர் எடுத்துத்தான் விட்டார். மேற்குப் பாதியில் மொட்டு ஊதா நீங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வந்தது. அதன்மேல் மண்வெட்டி படவில்லை. வெள்ளைப் பூச்சி இன்னும் வருகிறது. அம்மாவும் மடியில் மொட்டுகளோடு அந்த மூலைக்குப் போகிறாள். ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்.